கோமதிக்குக் காய்ச்சல் இல்லை

சௌந்தர்யாவுக்குக் காய்ச்சல் அடிப்பது நந்தகுமாருக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது. அதுவும் யாரும் சொல்லித் தெரியவில்லை. குழந்தையை வாங்கக் கையை நீட்டியபோது அக்காவின் முழங்கை அவன் விரலில் பட்டது. அடுப்பிலிருந்து இறக்கிவைத்த தோசைக்கல்லைத் தொட்டதுபோல இருந்தது.

"என்னக்கா, இப்படிக் கொதிக்குது?"

"ஒண்ணுமில்ல சாமி. பால் காய்ச்சலாம். அம்மா சொல்லுச்சு."

"எப்ப இருந்து?"

"இருக்கும் ரெண்டு மூணு நாளு."

சௌந்தர்யாவை இளம்பிள்ளை என்கிற ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை சிவபிரகாஷ் நாலு தறி போட்டுச் சேலை ஓட்டுகிறவர். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்தவள், ஒன்பது நாளைக்கு முன்னால் திருச்செங்கோட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பெற்றாள். சுகப்பிரசவம். மூன்றாம் நாளே மல்லசமுத்திரத்துக்குக் கிழக்கே இருக்கிற இந்த வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டார்கள். அப்பா மருதாசலம் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர்வண்டியோடு சத்தீஸ்கர் பக்கம் போய் நாலு மாதமாகிறது. பேத்தி பிறந்ததைப் போனில்தான் கேட்டார். பின்னால் வண்டி இரைந்துகொண்டிருந்ததால் பேத்தியா பேரனா என்று மூன்று தடவை கேட்டார்.

வீட்டில் மிச்சமிருந்த ஆண் நந்தகுமார் மட்டும்தான். பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் வருஷம். பரீட்சைக்கு முந்தின லீவில் வந்திருந்தான். அம்மா மலர்விழி கோழிப்பண்ணைக்குப் போகிற நேரத்தில் அக்காவுக்கு வெந்நீர் வைத்துக்கொடுக்கவும், குழந்தை அழுதால் தூக்கவும் அவன் வீட்டில் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் முன்னறையின் குறுக்கே ஒரு பழைய சேலையைக் கொடியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். சேலைக்கு இந்தப் பக்கம் அவன். அந்தப் பக்கம் பச்சை உடம்புக்காரியும் குழந்தையும் பெண்பிள்ளைகள் பேச்சும்.

பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து அக்காவின் கக்கத்தில் வைத்தான். நூற்றொன்று புள்ளி ஆறு. மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரம் பார்த்து எண்ணினான். நாடி நூற்றிருபதுக்குக் குறையவில்லை. இரண்டு எண்களையும் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டான். எழுதிய பிறகு அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஒன்பது மணிக்கு அம்மாவுக்குச் சோத்துப்போசியை எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போனான். இரண்டு சோளக்காடு தாண்டினால் பண்ணை. பங்குனி வெயில் அப்போதே ஏறிவிட்டிருந்தது. நீளமான கொட்டகையில் கூண்டுகள் மூன்றடுக்காக ஓடின. மக்காச்சோளத் தூசியும் எச்சத்தின் காரமும் மூக்கில் ஏறின. மலர்விழி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, உருண்டு முன்னால் வந்து நின்ற முட்டைகளை ஒரு கைக்கு மூன்றாக எடுத்து அட்டையில் அடுக்கிக்கொண்டே நடந்தாள். முப்பது நிறைந்ததும் அடுத்த அட்டை.

"அம்மா, அக்காவுக்குக் காய்ச்சல் நூறத் தாண்டியிருக்குது."

"தெரியும். பால் கட்டுன காய்ச்சல் அது. மொளகு காச்சிக் குடுத்திருக்கறேன். மாத்திரையும் போட்டாச்சு. நீ போயிப் பொஸ்தகத்தப் படி."

"வேற எதாச்சும் சொல்லுதா அக்கா?"

முட்டையை எடுத்த கை ஒரு கணம் நின்றது. "பொம்பளைக்கு ஆயிரம் இருக்கும். உனக்கெதுக்கு?"

அந்த நேரத்தில் ஒரு கூண்டில் கோழிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மிதித்துக்கொண்டு கத்தின. மலர்விழி அட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கூண்டைத் திறந்து, மூலையில் சுருண்டிருந்த கோழியை வெளியே எடுத்தாள். கால்களைச் சேர்த்துப் பிடித்துத் தலைகீழாகத் திருப்பி, வால் இறகை விலக்கி உற்றுப் பார்த்தாள்.

"பாரு, பெரிய முட்டை போட்டு அடி வெளிய தள்ளிருச்சு. ரத்தத்தக் கண்டா மத்ததுக கொத்தியே கொன்னுபோடும். நல்லவேளை, இன்னும் சீப் புடிக்கல."

தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். விரலில் எண்ணெய் தொட்டு, வெளியே வந்திருந்ததைப் பதமாக உள்ளே தள்ளினாள். கோழியை அக்கட்டால தள்ளி இருந்த தனிக்கூண்டில் விட்டாள். விடுகிறபோதே அதனிடம், "ரெண்டு நாளைக்கு முட்டை போடாதடி" என்றாள். எல்லாம் ஐந்து நிமிஷம். நந்தகுமார் சோத்துப்போசியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றான். சின்ன வயதிலிருந்து பார்க்கிற வேலைதான். இன்றைக்கு என்னவோ புதிதாகப் பார்ப்பதுபோல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியிலிருந்து கேஸ் ஸ்டடி நோட்டை எடுத்தான். பிரசவித்த தாயைப் பத்து நாள் கவனித்து எழுத வேண்டிய நோட்டு. ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு வாங்கியிருந்தான். கையெழுத்துக்காகவும் கர்ப்பப்பைப் படத்துக்காகவும் கிடைத்த மார்க் அது. அவன் எந்தத் தாயையும் பார்த்ததில்லை.

பிரசவப் பாடம் நடந்தபோது வகுப்பில் நாற்பத்தெட்டுப் பெண்களும் பதினோரு பையன்களும் இருந்தார்கள். பாடம் எடுத்த மேடத்துக்கு அவனைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். படத்தைத் திரையில் போட்டுவிட்டு, திரையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வாசித்தார். "பசங்க இருக்காங்க, மிச்சத்த நீங்களே படிச்சுக்குங்க. அஞ்சு மார்க்குக்குத்தான் வரும்" என்று நாலு பக்கத்தைத் தாண்டிப் போனார். பிறகு பிரசவ வார்டில் பயிற்சி போட்டார்கள். வார்டு வாசலிலேயே பையன்களை நிறுத்திவிட்டார்கள். "உள்ள பொம்பளைங்க இருக்காங்க தம்பி" என்றார் அங்கிருந்த சிஸ்டர். பொம்பளைகள் இருப்பதால்தானே எங்களை இங்கே அனுப்பியிருக்கிறார்கள் என்று நந்தகுமாருக்குத் தோன்றியது. சொல்லவில்லை. அந்த வாரங்கள் முழுக்க ஆக்சிஜன் சிலிண்டர் உருட்டினான். ரத்தக் குப்பிகளை லேபுக்குச் சுமந்தான். நோட்டை மட்டும் கூடப் படிக்கிற சண்முகப்பிரியாவிடம் வாங்கி எழுதினான்.

நோட்டில் இருந்த தாயின் பெயர் கோமதி. வயது இருபத்துநாலு. முதல் பிரசவம். பத்து நாளும் அவளுக்கு உடம்புச் சூடு தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு. பத்து நாளும் நாடி எழுபத்திரண்டு. உதிரப்போக்கு சிவப்பு, பிறகு பழுப்பு, பிறகு வெள்ளை என்று புத்தகத்தில் இருக்கிறபடியே இறங்கிக்கொண்டு வந்தது. எழுதுகிறபோது கவனிக்காத ஒன்று இப்போது அவனை உறுத்தியது. வெயில் காலத்தில், விசிறி ஓடாத வார்டில், ஒரு மனுஷிக்குப் பத்து நாள் உடம்புச் சூடு துளியும் மாறாமல் இருக்குமா?

சண்முகப்பிரியாவுக்குப் போன் போட்டான். அவள் ஆத்தூர்ப் பக்கம். வகுப்பில் முதல் பெண்.

"ப்ரியா, அந்தக் கோமதின்னு ஒரு கேஸ் எழுதுனோமே. அவங்ககிட்ட நீ என்னென்ன கேட்ட? எப்படிக் கேட்ட?"

"எந்த கோமதி?"

"போஸ்ட்நேட்டல் நோட்டுல."

"டேய், அது நான் பாத்த கேஸ் இல்லடா. சீனியர் அக்கா நோட்டு. அந்தக்கா அவங்க சீனியர்ட்ட வாங்கியிருப்பாங்க."

"அப்ப கோமதியப் பாத்தது யாரு?"

"யாருக்குத் தெரியும்? அவங்க கொழந்தை இப்ப ஸ்கூலுக்கே போயிருக்கும்."

"நீங்க வார்டுக்குள்ள போனீங்களே?"

"போனோம். ஒரு கட்டிலச் சுத்தி முப்பது பேரு நின்னோம். எனக்கு முன்னாடி நின்ன பொண்ணோட ஜடையத்தான் பாத்தேன். பிபி பாக்க விட்டாங்க. வேற ஒண்ணும் கேக்கக் கூடாதுன்னுட்டாங்க. பேஷண்ட்டு சங்கடப்படுவாங்களாம். ஏன்டா, என்னாச்சு?"

சொன்னான். அவள் குரல் மாறியது. "புக்ல அந்தத் தாண்டுன பக்கம் இருக்கு பாரு, அதை எடு. நானும் எடுக்கறேன்."

இருவரும் போனில் இருந்தபடியே ஆளுக்கொரு வரியாகப் படித்தார்கள். பிரசவத்துக்குப் பிந்திய காய்ச்சல். ஒன்றரைப் பக்கம். மார்பில் வருவது, சிறுநீர்ப் பாதையில் வருவது, கர்ப்பப்பையில் வருவது. கர்ப்பப்பையில் என்றால் அடிவயிற்றில் வலி, நாற்றத்தோடு உதிரப்போக்கு, வேகமான நாடி. உடனே கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்று கடைசி வரியில் இருந்தது. அதை இரண்டு பேருமே வாய்விட்டுப் படிக்கவில்லை.

"இதுல எதுன்னு நீதான் கேக்கணும்" என்றாள் சண்முகப்பிரியா. "தமிழ்ல எப்படிக் கேப்ப?"

"அதான் எனக்கும் தெரியல."

போனை வைத்துவிட்டுச் சேலைக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தான். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அறை முழுக்கச் சாம்பிராணிப் புகை மண்டியிருந்தது.

"அக்கா, உனக்கு லோக்கியா எப்படிப் போவுது?"

"என்ன காயி?"

தொண்டையைச் செருமிக்கொண்டான். "கொளந்த பொறந்ததுக்கு அப்பறம் போகுமல்ல. துணி வெக்கறயல்ல. அது எப்படி இருக்குதுன்னு கேக்கறேன்."

எழுந்து வெளியே போய்விடலாமா என்று நினைத்தான்.

"உன்ற காலேசுல இதையெல்லாமாடா சொல்லித் தராங்க?"

"சொல்லித் தரலக்கா. அதனாலதான் உன்னக் கேக்கறேன்."

சௌந்தர்யா சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்திலேயே "அய்யோ" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவன் சேலையை விலக்கிவிட்டு உள்ளே போனான்.

"எங்க வலிக்குது?"

"அடிவயித்துல. தொட்டா உசிர் போவுது."

"மார்ல பால் கட்டியிருக்குதா? கல்லாட்டம் இருக்குதா?"

"இல்லியே. பாப்பா நல்லாத்தான் குடிக்குது."

"அப்பறம் எப்படிப் பால் காய்ச்சலாகும்?" தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். அவள் சொல்வதை எழுதிக்கொள்ள நோட்டின் கடைசி வெற்றுப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டான். "ஒண்ணுக்குப் போறப்ப எரியுதா?"

"இல்ல."

"அப்ப அது? என்ன நெறம்?"

அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள். அப்படித் திரும்பிக்கொண்டதும் பேச்சு எளிதாக வந்தது. "அஞ்சாம் நாளு கொறஞ்சு பழுப்பாயிருச்சு. நின்னுரும்னு நெனச்சேன். முந்தாநேத்துல இருந்து மறுக்காச் செவப்பு. கட்டிகட்டியா வருது."

"எத்தன துணி மாத்தற?"

"நேத்தைக்கு ஏழெட்டு இருக்கும்."

"வாடை அடிக்குதா?"

அவன் காத்திருந்தான். காத்திருக்க வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் படித்திருக்கவில்லை.

"என்னாலயே என்ற பக்கத்துல படுக்க முடியல நந்து" என்றாள். "நாளுக்கு நாலுதரம் சாம்பிராணி போடச் சொல்றேனல்ல. பாப்பாவுக்குன்னு நெனச்சயா?"

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மலர்விழி பதினொரு மணிக்கு வருகிறவள் இன்றைக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டாள். சேலை விலகிக் கிடப்பதையும் மகன் உள்ளே நோட்டோடு உட்கார்ந்திருப்பதையும் பார்த்தாள்.

"என்ன பண்ணிக்கிட்டிருக்கற நீ?"

"அக்காவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோணும்மா. இது பால் காய்ச்சல் இல்ல. கர்ப்பப்பையில புண்ணாயிருக்குது."

"யாரு சொன்னா?"

"அக்காதான். வாடை அடிக்குதாம், ரத்தக் கட்டி..."

"ஏண்டா, அக்காளக் கேக்கற கேள்வியா இது? ஒரு ஆம்பளப் பையன் கேக்கற கேள்வியா? அவளும் வெக்கமில்லாம வாயத் தொறந்து சொல்லியிருக்கறா பாரு!"

"நான் உங்கிட்ட மொதல்லயே சொன்னேனல்லம்மா" என்றாள் சௌந்தர்யா. "அழுக்குப் போனா நல்லதுன்னுட்டயே."

மலர்விழி தலைத்துண்டை அவிழ்த்து உதறினாள். மக்காச்சோளத் தூசி வெளிச்சத்தில் பறந்தது. நந்தகுமார் எழுந்து நின்றான். கத்த நினைத்தவனுக்குக் குரல் தணிந்துதான் வந்தது.

"காலைல அந்தக் கோழிய என்னம்மா பண்ணுன?"

"எந்தக் கோழிய?"

"அடி தள்ளுனத. தூக்கித் திருப்பிப் பாத்தயல்ல. பாக்காம உட்டிருந்தா?"

"கோழியும் இவளும் ஒண்ணாடா?"

"ஒண்ணில்ல. ஆனா கோழியப் பாத்த அளவுக்குக்கூட இவள நாம பாக்கலியேம்மா."

மலர்விழி அப்படியே கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

"இளம்பிள்ளைக்காரங்க என்ன சொல்லுவாங்க? நல்லா இருந்த புள்ளையக் கொண்டாந்து உட்டுட்டுப் போனாங்க. ஒம்பது நாளு வெச்சுப் பாக்கத் துப்பில்லையான்னு கேப்பாங்களேடா. எனக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. அழுக்கு எத்தன போவுதோ அத்தன நல்லதுன்னு. நானும் ரெண்டு பெத்தவதான்."

"உனக்கு அப்ப வாடை அடிச்சுதாம்மா?"

கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்டோம் என்பது அவனுக்கு உறைத்தது. மலர்விழி நிமிர்ந்து பார்த்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தான். ஆனால் அவள் உண்மையிலேயே யோசித்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தின ஓர் அறையை, ஒரு பாயை, ஒரு துணியை நினைவில் தேடிப் பிடித்தாள்.

"இல்ல சாமி" என்றாள். "அடிக்கல."

எழுந்து போய் அடுக்களை அலமாரியிலிருந்து பையை எடுத்து, குழந்தையின் துணிகளை மடித்து வைக்கத் தொடங்கினாள். நந்தகுமார் நூற்றெட்டுக்குப் போன் செய்தான். வண்டி வர இருபத்தைந்து நிமிஷம் ஆகும் என்றார்கள். அதற்குள் மலர்விழி மகளுக்குக் கஞ்சி கரைத்து ஊட்டினாள். பண்ணை மேஸ்திரிக்குப் போன் போட்டு, "மத்தியானத்துக்கு நான் வரமாட்டேனுங்க, அந்தத் தனிக்கூண்டுக் கோழிக்குத் தண்ணி மட்டும் காட்டிப்போடுங்க" என்றாள்.

பெரியாஸ்பத்திரியில் பெண் டாக்டர் ஒருவர் பார்த்தார். எப்போதிருந்து காய்ச்சல், என்ன நிறம், எத்தனை துணி என்று கேட்டுக்கொண்டே கையுறையை மாட்டினார். மலர்விழி மகனைத் திரும்பிப் பார்த்தாள். வாசலில் நின்றிருந்த நந்தகுமார் நோட்டைப் பார்த்து வரிசையாகச் சொன்னான். டாக்டர் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க யாரு?"

"தம்பிங்க. நர்சிங் மூணாம் வருஷம் படிக்கறேனுங்க."

"நர்சிங் படிக்கறவரு வீட்டுலயே இருக்கீங்க. மூணு நாள் எதுக்குப் பாத்துட்டு இருந்தீங்க?"

எனக்கு யாரும் சொல்லவில்லை என்று சொல்லலாம். அதுவும் உண்மைதான். ஆனால் மூன்று நாளும் சேலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, சாம்பிராணி வாசத்தை மூக்கில் இழுத்துக்கொண்டு, எதையும் கேட்காமல் இருந்தவனும் அவன்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

ஸ்கேனில் தெரிந்துவிட்டது. நஞ்சுக்கொடியின் ஒரு சிறு துண்டு உள்ளேயே தங்கிச் சீப் பிடித்திருந்தது. அன்றைக்கே நரம்பில் மருந்து ஏற்றினார்கள். அடுத்த நாள் காலையில் மயக்கம் கொடுத்துச் சுத்தம் செய்தார்கள். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் விஷம் ரத்தத்தில் கலந்திருக்கும் என்று டாக்டர் மலர்விழியிடம் சொன்னார். மலர்விழி அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவினாள். கழுவி முடித்த பிறகும் குழாயை மூடாமல் நின்றாள்.

சிவபிரகாஷ் இளம்பிள்ளையிலிருந்து பைக்கிலேயே வந்துவிட்டார். அவருடைய அம்மா போனில் ஏதோ சூடாகப் பேசியது வெளியே நின்ற மலர்விழிக்கும் கேட்டது. "எங்க ஊட்ல வெச்சிருந்தா மட்டும் தெரிஞ்சிருக்குமாம்மா? எனக்கே இதெல்லாம் இன்னிக்குத்தான் தெரியும்" என்று சொல்லி அவர் போனை அணைத்தார். மாமியாரிடம் வந்து, "அத்தை, சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். மலர்விழிக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

நாலாம் நாள் சாயங்காலம் காய்ச்சல் விட்டு சௌந்தர்யா தலைவாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்வை நேரம். மலர்விழி கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். நந்தகுமார் தூக்குவாளியில் பூண்டுக்குழம்பும் சோறும் கொண்டுவந்திருந்தான். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்துக் கட்டிலில் இருபது வயதுப் பெண் ஒருத்தி படுத்திருந்தாள். பிரசவமாகி எட்டு நாள். குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்று தங்கவைத்திருந்தார்கள். துணைக்கு இருந்த மாமியார் அத்தாயி ராசிபுரத்துப் பக்கம் கடலைக்காட்டு வேலைக்குப் போகிறவள். நாலு நாளாக இந்தக் கட்டில் பேச்சை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள், முக்காலியை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"ஏனுங் சாமி, நீங்க நர்சுக்குப் படிக்கறீங்களாமா?"

"ஆமாங்க."

"ஒண்ணு கேக்கோணும். தப்பா நெனச்சுக்காதீங்க." குரலைத் தாழ்த்தினாள். "மருமவளுக்குப் பெத்ததுல இருந்து தும்முனா, சிரிச்சா, ஒண்ணுக்கு வந்துருதாமா. டாக்டரம்மாகிட்டச் சொல்லுடின்னா மாட்டேங்கறா. சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுத் தண்ணி குடிக்காமயே கெடக்கறா. இது தானா நின்னுருங்களா, இல்ல இப்படியேதானா?"

கட்டிலில் இருந்த பெண் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

நந்தகுமாருக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தையும் மேடம் தாண்டியிருந்தாரா, அல்லது அப்படி ஒரு பக்கமே இல்லையா என்பதும் தெரியவில்லை. சரியாகிவிடும் என்று சொல்லிவிடலாம். அந்தம்மா நிம்மதியாகப் போய்விடுவாள். அக்காவும் அம்மாவும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குத் தெரியலீங்கம்மா" என்றான். "கேட்டுட்டு வந்து சொல்றேனுங்க. ஆனா டாக்டர்ட்ட என்னன்னு சொல்றதுக்கு மொதல்ல இவங்ககிட்ட நாலு விசயம் கேக்கோணும். கேக்கலாங்களா?"

அத்தாயி மருமகளைப் பார்த்தாள். மலர்விழி எட்டிக் குழந்தையை மகனின் மடியிலிருந்து வாங்கிக்கொண்டு, "அவன் கேப்பான் அம்மணி. கூச்சப்படாமச் சொல்லு" என்றாள்.

நந்தகுமார் முக்காலியைக் கட்டிலின் தலைமாட்டுப் பக்கமாகப் போட்டு, அந்தப் பெண்ணுக்கு நேர் எதிராக இல்லாமல் ஜன்னலைப் பார்த்தமாதிரி உட்கார்ந்தான்.

"தும்மும்போது மட்டுந்தானுங்களா? இல்ல, எந்திரிச்சு நடக்கறப்பவுமா?"

அவன் அவசரப்படவில்லை. கீழே தோட்டத்தில் யாரோ வண்டியைக் கிளப்பினார்கள். செவிலியர் ஒருவர் மருந்துத் தள்ளுவண்டியோடு கடந்துபோனார்.

போர்வை மெல்லக் கீழே இறங்கியது.

"எந்திரிக்கறப்பவும்தானுங்க" என்றாள் அந்தப் பெண். பிறகு அவன் அடுத்த கேள்வியைக் கேட்பதற்கு முன்னாலேயே, "இன்னொண்ணும் இருக்குதுங்க" என்றாள்.